பழைய 50 எம்எம் லென்ஸ் வாங்குகிறீர்களா? கடைக்காரரின் கேமராவில் சோதித்துப் பார்க்காதீர்கள்

நிக்கான் டி3500, டி5600 மாதிரி ஒரு கேமராவை வைத்துக்கொண்டு மலிவாக ஒரு போர்ட்ரெயிட் லென்ஸ் தேடுகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். சென்னையில் செகண்ட் ஹேண்ட் கேமரா விற்கும் ஒரு கடையில் என் தங்கை மகள் தலையில் ஒரு லென்ஸைக் கட்டிவிட்டார்கள். நுகர்வோர் புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஏமாற்றிய விதத்தை எழுதுவதற்குத் தடை ஒன்றும் இல்லை.

அவள் குழந்தைகளைப் படம் எடுப்பவள். காதுகுத்து, முதல் பிறந்தநாள், வீட்டிலேயே எடுக்கச் சொல்லும் குடும்பப் படங்கள் என்று இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக வேலை வருகிறது. கையில் இருப்பது டி5600. அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ், 55-க்கு நீட்டினால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிதாகும்). எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். டியூப்லைட் மட்டும் எரியும் கூடத்தில் ஓடும் குழந்தையைப் படம் எடுத்தவர்களுக்கு இதன் அருமை புரியும். பின்னால் இருக்கும் பீரோ, காலண்டர், துணிக்கொடி எல்லாம் மங்கிப்போய் முகம் மட்டும் துலங்கி நிற்கும் படம்தான் பெற்றோருக்கும் வேண்டும். அவள் ஒதுக்கி வைத்திருந்தது எட்டாயிரம் ரூபாய்.

கடைக்காரர் எடுத்து நீட்டியது ஏஎஃப் நிக்கோர் 50 எம்எம் எஃப் 1.8 டி. விலை 7,500. “டி என்றால் டிஜிட்டல் அம்மா. உங்கள் கேமராவும் டி வரிசைதானே? கச்சிதமாகப் பொருந்தும்” என்றிருக்கிறார். இது முழுப் பொய். எடுக்கும் ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்ற விவரத்தை லென்ஸ் கேமராவுக்குச் சொல்லும் என்பதற்கான குறிதான் அந்த டி. ஃபிலிம் காலத்திலேயே வந்துவிட்டது.

தன் கேமராவில் மாட்டிப் பார்க்கலாமா என்று அவள் கேட்டிருக்கிறாள். “எதற்கம்மா பையைப் பிரித்துக்கொண்டு? பாடி இங்கேயே தயாராக இருக்கிறதே” என்று அலமாரியிலிருந்து ஒரு டி7200-ஐ எடுத்து, லென்ஸை மாட்டிக் கையில் கொடுத்துவிட்டார். சர்ரென்று ஒரு சத்தம், ஃபோகஸ் வந்துவிட்டது. எதிர்ச்சுவர்க் கடிகாரத்தை எடுத்தாள், கடைப்பையனின் முகத்தை எடுத்தாள், இரண்டும் கத்திபோல வந்தன. யாராக இருந்தாலும் வாங்கியிருப்பார்கள். வித்தையே அங்கேதான் இருக்கிறது.

இந்த லென்ஸுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸின் பின்புற வளையத்தில் திருகாணித் தலையில் இருப்பது போன்ற ஒரு சின்னப் பிளவு இருக்கும். கேமராவின் லென்ஸ் வாயில் இருந்து ஸ்க்ரூடிரைவர் நுனி மாதிரி ஓர் உலோகத் துண்டு நீட்டிக்கொண்டு வந்து அந்தப் பிளவில் உட்கார்ந்து, உள்ளே இருக்கும் கண்ணாடிகளைச் சுழற்றி நகர்த்தும். அதைச் சுழற்றும் மோட்டார் டி90, டி7000, டி7200, டி750 போன்ற பாடிகளில் உண்டு. 2006-இல் வந்த டி40 தொடங்கி டி3000, டி5000 வரிசைகளில் விலையையும் எடையையும் குறைப்பதற்காக அதை எடுத்துவிட்டார்கள். டி5600-இன் லென்ஸ் வாயை உற்றுப் பாருங்கள், அந்த நுனியே இருக்காது. லென்ஸ் பொருந்தும், படம் எடுக்கும், வெளிச்சத்தைக்கூடச் சரியாக அளக்கும். ஆட்டோஃபோகஸ் மட்டும் எந்தக் காலத்திலும் வராது. இருபது வருடமாகக் கேமரா விற்பதாகப் பலகை மாட்டியிருக்கும் மனிதருக்கு இது தெரியாது என்று நம்ப நான் தயாராக இல்லை.

வீட்டுக்கு வந்து மாட்டியதும், 1.8-தானே வேண்டும் என்று லென்ஸ் மேலிருந்த வளையத்தை 1.8-க்குத் திருப்பியிருக்கிறாள். வியூஃபைண்டரில் ‘எஃப்இஇ’ என்று மூன்று எழுத்து மின்னியது. கடைக்குப் போன் செய்தாள். “வளையத்தை 22-இல் வைத்துப் பூட்டுங்கள், சரியாகிவிடும்” என்று பதில். அந்த மின்னல் உண்மையிலேயே நின்றது. இந்த லென்ஸ்களில் வளையத்தை 22-இல் பூட்டிவிட்டு, அபர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, கேமராவில்தான் மாற்ற வேண்டும். ஆனால் ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ் அசையவில்லை. மறுபடியும் போன். “புது லென்ஸ் அல்லவா, பழகப் பழக வரும்” என்றாராம். பழகுவதற்கு அது என்ன புதுச் செருப்பா?

கையால் ஃபோகஸ் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அசையாமல் உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்குச் செய்யலாம், லைவ் வியூவில், அதாவது பின்திரையில், பெரிதாக்கிப் பார்த்தால் அருமையாகவும் வரும். ஒன்றரை மீட்டர் தூரத்தில் எஃப் 1.8-இல் வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஐந்தாறு சென்டிமீட்டர்தான். கண்ணில் வைத்த ஃபோகஸ் காதுக்கு எட்டாது. தவழும் குழந்தையை அந்தக் குறுகிய இடத்துக்குள் கையால் பிடிப்பது அநேகமாக நடக்காத காரியம். அன்று எடுத்த படங்களில் குழந்தையின் சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றும் துல்லியம், முகம் மட்டும் புகை.

அவள் லென்ஸைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தபோது இரண்டாவது விஷயம் வெளிப்பட்டது. “மாமா, இந்த யுவி ஃபில்டரை இலவசமாகக் கொடுத்தார், கழற்றத்தான் முடியவில்லை” என்றாள். லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் பாதுகாப்புக் கண்ணாடிதான் அது. இலவசம் என்றதும் எனக்குச் சந்தேகம் தட்டியது. ரப்பர் கையுறை போட்டு இறுக்கிப் பிடித்துத் திருகியதும் கழன்று வந்தது. லென்ஸின் முன்பக்கம் மூக்குக்கண்ணாடித் துணியால் துடைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது. வளையத்தை 1.8-க்குத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து போன் டார்ச்சைச் சாய்த்து அடித்தேன். உள்கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, மயிரிழை போன்ற வெள்ளைக் கிளைகள். கிளைக்குள் கிளை. ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. கடலோர ஊர்க்காற்றில் மூடிய பைக்குள் வருடக்கணக்கில் கிடந்த லென்ஸ்களில் சகஜமாக வருவது. கண்ணாடியின் மேற்பூச்சை அது அரித்துவிட்டால், பிரித்துச் சுத்தம் செய்தாலும் தடம் போகாது. ஜன்னல் வெளிச்சம் எதிரே விழும் படங்களில் வெளுப்புத் தட்டுவதாக அவள் சொன்னதற்கு இதுதான் காரணம். அழுக்கடைந்த ஃபில்டரின் தலையில் அந்தப் பழி விழட்டும் என்றுதான் இலவசமாக மாட்டிக் கொடுத்திருக்க வேண்டும்.

மறுபடியும் கடைக்குப் போனோம். என்னைப் பார்த்ததும் மரியாதை கூடியது, பதில் மாறவில்லை. “சார், கடையில் வேலை செய்ததா இல்லையா? பாப்பாவையே கேளுங்கள்.” “இந்தக் கேமராவில் வேலை செய்யாது என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?” என்று கேட்டேன். “அவங்க கேட்கவில்லையே சார்” என்றார். தன் கேமராவில் போட்டுப் பார்க்கக் கேட்டதையும், இவர் வேண்டாம் என்றதையும் அவள் அங்கேயே எடுத்துச் சொன்னாள். கடைப்பையன் தரையைப் பார்த்தான். உடனே பேச்சு ஃபங்கஸுக்குத் தாவியது: “அது தூசி சார், எல்லாப் பழைய லென்ஸிலும் இருக்கும்.” நாலு தூசி இருந்தால் படத்தில் தெரியாது என்பது உண்மை. தூசி கிளை விடாது என்பதும் உண்மை. கடைசியில், சுவரில் எழுதியிருந்த ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற வாசகத்தைக் காட்டிக் கையை விரித்துவிட்டார்.

அந்த வாசகத்தைப் பார்த்துப் பயந்து திரும்புகிறவர்களுக்காகச் சொல்கிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள், ரசீதில் காலம் சொல்லவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. ரசீது தராததும் அதே கணக்கில்தான் சேரும். அவளுக்கு அவர்கள் தந்தது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டு. கடை முத்திரையும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. நல்லவேளை, பணம் யுபிஐ வழியாகப் போனதால் தேதியும் தொகையும் கடைக் கணக்கின் பெயரும் பதிவில் இருக்கின்றன. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொன்னோம், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையம் வழியாக மனு போட்டோம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது.

டி5600-க்கு 50 எம்எம் வேண்டுமானால் 2011-இல் வந்த ஏஎஃப்-எஸ் 50 எஃப் 1.8 ஜி வாங்குங்கள். ‘ஏஎஃப்-எஸ்’ என்ற எழுத்துகள் லென்ஸின் மேல் இருக்க வேண்டும், மோட்டார் உள்ளேயே இருக்கிறது என்று பொருள். இந்தக் கேமராக்களில் 50 என்பது, பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 75 மாதிரி நடந்துகொள்ளும், முகத்துக்கு நல்ல தூரம். 35 எம்எம் எஃப் 1.8 டிஎக்ஸ் லென்ஸ் சின்ன அறைக்கு வசதிதான். ஆனால் முகம் பெரிதாக வேண்டும் என்று கிட்டே போனால் மூக்கு முன்னே வந்து நிற்கும். 85 எம்எம் என்பது ஆசை காட்டும் எண். பத்தடி அறையில் அதை வைத்துக்கொண்டு முதுகு சுவரில் இடிக்கும் வரை பின்னால் போக வேண்டியிருக்கும்.

நிக்கான் மிரர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கும் இந்த டி லென்ஸ்களைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். பழைய லென்ஸ்களை அந்தக் கேமராக்களில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரில் அந்தச் சுழலும் நுனி கிடையாது, ஆட்டோஃபோகஸ் வராது. கேனான் ஈஎஃப் லென்ஸ்களில் எல்லாவற்றிலும் மோட்டார் உண்டு என்பதால் இந்த வித்தை அங்கே பலிக்காது. அங்கே பழைய 50 எஃப் 1.8 இரண்டாம் பதிப்பை, அதற்குப் பின்னால் வந்த எஸ்டிஎம் பதிப்பின் விலைக்குத் தள்ளுவார்கள். பின்புற வளையம் பிளாஸ்டிக்காக இருந்தால் பழையது, எஸ்டிஎம்-இல் அது உலோகம்.

மனு போட்ட தகவல் எட்டியதும் கடையிலிருந்து போன் வந்தது. நாலாயிரம் தருகிறோம், லென்ஸைக் கொடுத்துவிட்டு மனுவை வாபஸ் வாங்குங்கள் என்றார்கள். முழுத்தொகையும் வேண்டும், அதோடு ஃபில்டரையும் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.