சுருட்டை முடிப் பிள்ளைக்கு அரப்பா, கண்டிஷனரா?

அரப்பும் சீயக்காயும் போட்டுத் தலைக்கு ஊற்றுவதா, ஷாம்பு, கண்டிஷனர் என்று போவதா? பள்ளிக்கூடம் போகும் சுருட்டை முடிப் பிள்ளை இருக்கிற வீட்டில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. எங்கள் வீட்டில் கண்டிஷனர் பக்கம் முடிவாகிவிட்டது. அழுக்குப் போவதில் ரெண்டும் சமம். வாசனையும் விலையும் அவரவர் பாடு. சிக்கெடுப்பதில்தான் ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம்.

அரப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. உசிலை மரத்து இலையைக் காயவைத்து இடித்த தூள் அது. உசிலம்பட்டிக்குப் பேரே அந்த மரத்தால் வந்தது என்பார்கள். வடிகஞ்சியில் கரைத்துத் தேய்த்தால் நல்லெண்ணெய்ப் பிசுக்கு போகும், சீயக்காய் அளவுக்குத் தலை வறளாது. நேர் முடிக்கும், நுனியில் மட்டும் வளைகிற அலை முடிக்கும் இதுவே தாராளம். ஸ்பிரிங் மாதிரி சுருண்ட முடியில்தான் தூள் சுருளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். எத்தனை செம்பு ஊற்றினாலும் கொஞ்சம் மிஞ்சும், காய்ந்ததும் தோளில் உதிரும். மடித்த வேட்டித் துணியில் கரைசலை வடிகட்டி ஊற்றினால் அந்தத் தொல்லை பாதி குறையும். சீயக்காய் கண்ணில் பட்டால் எரியும், பிள்ளை அழும், அலசுவது அரைகுறையாகும். ‘சீயக்காய்’ என்று பேர் போட்டு வருகிற சோப்புக் கட்டி வேறு சங்கதி. அது சோப்புதான். போர் தண்ணீரில் அது திரிந்து முடியில் வெள்ளைப் பிசுக்காக ஒட்டும். அதைத் தவிர்த்துவிடுங்கள்.

இனி சிக்கு. மண்டையில் சுரக்கிற எண்ணெய்ப் பசை நேர் முடியில் நுனிவரை இறங்கிவிடும். சுருளில் அது வேரோடு நின்றுபோகும். அதனால் மேலே பிசுபிசுப்பு, கீழே வறட்சி. வறண்ட இழைகள் ஒன்றோடொன்று கொக்கி மாட்டிக்கொள்ளும். காய்ந்த தலையில் எண்ணெயைத் தடவி மேலிருந்து சீப்பை இழுத்தால், அத்தனை கொக்கியும் கீழே தள்ளப்பட்டு ஒரே முடிச்சாக இறுகும். காலையில் சடை போடும்போது பிள்ளை கத்துவது இதனால்தான். கண்டிஷனரில் இருக்கிற பொருள்கள் இழையின் மேல் ஒட்டி ஒரு வழுக்கலான படலமாகப் படியும். தண்ணீர் ஊற்றிய பிறகும் அதில் கொஞ்சம் தங்கும். அரப்பின் வழவழப்பு அலசும்போதே போய்விடும்.

நாலு வயதுக்கு மேல், தோள்வரை முடி உள்ள பிள்ளைக்கு அளவு இப்படி: ஷாம்பு ஒரு தேக்கரண்டி, அரைச் செம்பு தண்ணீரில் கரைத்து மண்டையில் மட்டும். நுனியைத் தேய்க்க வேண்டாம், வழிகிற நுரையே அதற்குப் போதும். பிறகு கண்டிஷனர் ரெண்டு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 30 மில்லி. தலையை நாலு பாகமாகப் பிரித்து, காது மட்டத்துக்குக் கீழே தடவுங்கள். தண்ணீர் சொட்டுகிற ஈரம் இருக்க வேண்டும். சுருளைக் கையில் அள்ளிக் கசக்கினால் சளக்சளக்கென்று சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் தண்ணீர் போதாது. அதற்குப் பதிலாக இன்னும் கண்டிஷனரைக் கொட்டுவது வீண்.

சட்டைக் காலர் உரசுகிற பிடரியில்தான் முரட்டு முடிச்சு இருக்கும். முடிச்சுக்கு மேலே ரெண்டு விரலால் முடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் இழுப்பு மண்டைக்குப் போகாது. ஒரு பொட்டு கண்டிஷனரை முடிச்சின்மேல் வைத்து, விரல் நுனியால் ஓரத்து இழைகளை ரெண்டு ரெண்டாகப் பிரித்தெடுங்கள். முடிச்சு தளர்ந்த பிறகுதான் அகலப் பல் சீப்பு. அதுவும் நுனியிலிருந்து மேலே ஏற வேண்டும். ஈர முடி இழுத்தால் நீளும், அறுந்தும் போகும். வழுக்கல் இல்லாமல் ஈரத்தில் சீப்புப் போடவே கூடாது.

இந்த வழியிலும் தப்பு நடக்கும். மண்டையில் கண்டிஷனரைத் தேய்த்தால் மறுநாளே எண்ணெய் வழிகிற தலை மாதிரி படிந்துவிடும். பிடரியில் சரியாக அலசாவிட்டால் அரிக்கும். வாளி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிகிற வீட்டில் சுருள் முரடாகத்தான் காயும். அங்கே கடைசி ரெண்டு செம்பு மட்டும் குழாயில் வருகிற மாநகராட்சித் தண்ணீர் ஊற்றினால் கையில் படும்போதே வித்தியாசம் தெரியும். துவட்ட டர்க்கி டவல் வேண்டாம், அதன் நூல் வளையம் சுருளைக் கலைத்துவிடும். சாயம் போய் ஓய்ந்த பழைய சுங்குடிச் சேலைத் துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். அதே துணியில் தலையணை உறை தைத்தால் ராத்திரிச் சிக்கும் குறையும்.

பராமரிப்புக் கணக்கும் பார்த்துவிடலாம். வாரம் ஒரு குளியல் என்றால் 180 மில்லி பாட்டில் ஆறு வாரம் வரும். மற்ற நாளில் தலைக்கு ஊற்ற வேண்டாம். 200 மில்லி தண்ணீரில் அரைத் தேக்கரண்டி கண்டிஷனர் கலந்து, காலையில் தெளித்து விரலால் கோதிச் சடை போடலாம். ரெண்டு நாளுக்கு ஒருமுறை அந்தத் தண்ணீரை மாற்றுங்கள், நாளானால் கெட்டுவிடும்.

பாட்டிலே வேண்டாம் என்கிற வீட்டுக்குச் செம்பருத்தி இலை இருக்கிறது. பத்துப் பதினைந்து இலையைத் தண்ணீர் விட்டுக் கசக்கி, வருகிற கொழகொழப்பைத் துணியில் வடிகட்டினால் ஓரளவு வழுக்கல் கிடைக்கும். இறுக்கமான சுருளுக்கு அது கண்டிஷனர் அளவுக்கு ஈடுகொடுக்காது, வாராவாரம் கசக்கி வடிகட்டுகிற வேலையும் உண்டு. எண்ணெய்க் குளியலை விட வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே இறங்கும், குளிக்க ஒரு மணி நேரம் முன்னால் வைத்தால் நல்லது. மொட்டை போட்டால் சுருட்டை போய்விடும் என்று அழகர்கோவிலுக்குக் கூட்டிப் போகிறவர்கள் உண்டு. நேர்த்திக்கடனுக்குப் போடுங்கள், சுருட்டைக்காக வேண்டாம். சுருள் வருவது தோலுக்குள் இருக்கிற வேர்ப்பையிலிருந்து. கத்தி அங்கே எட்டாது.

பள்ளிக்கூடத்தில் பேன் பிடித்து வந்தாலும் இதே நேரம்தான் வசதி. சிக்கெடுத்து முடித்து, கண்டிஷனர் தலையில் இருக்கும்போதே பேன்சீப்பைப் போடுங்கள். வழுக்கலில் பேன் வேகமாக ஓடாது. ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். நாலு நாளுக்கு ஒருமுறை ரெண்டு வாரம் இப்படிச் செய்தால்தான் ஈர் பொரித்து வருகிற குஞ்சும் அகப்படும்.