கரி ஸ்மோக்கர்: நாலு மழைக்காலத்துக்குப் பிறகு

போன வாரம் போர்ட்லண்டில் இருக்கும் நண்பன் கூப்பிட்டான். "மச்சி, நீ வச்சிருக்கிற அதே ஸ்மோக்கர் இங்க பாதி விலைக்குப் போட்டிருக்கான். வாங்கட்டுமா?" அப்போது நான் வீட்டுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, கறியைப் புகையில் மெல்ல வேகவைக்கும் அதே ஸ்மோக்கர் அடுப்பின் அடித்தகட்டில் துருப்பிடித்து இறுகிப்போன திருகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் கேட்டதால் அவனுக்குக் கிடைத்த பதில் எழுத்தில் வராது. கொஞ்சம் ஆறிய பிறகு எழுதுகிறேன்.

18 அங்குல அகலம், தோட்டா மாதிரி நிமிர்ந்து நிற்கும் புல்லட் வகை. கீழே கரி, நடுவில் தண்ணீர்த் தட்டு, மேலே கறி, எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் இருப்பது சியாட்டில் பக்கம். வருடக் கணக்குப் பார்த்தால் சென்னையில்தான் மழை அதிகம். அங்கே 1,400 மி.மீ. பக்கம் என்றால் இங்கே 1,000 மி.மீ. அளவுதான். ஆனால் சென்னை மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். இந்த ஊர் மழை அக்டோபரில் தூற ஆரம்பித்தால் ஏப்ரல் வரை மூக்கொழுகும் பிள்ளை மாதிரி நம் பின்னாலேயே வரும்.

மழை நெருப்பை அணைத்துவிடும் என்றுதான் முதலில் பயந்தேன். அணைக்காது. அது செய்யும் வேலை வேறு. மூடி மெல்லிய இரும்பு. அதில் விழும் தண்ணீர் ஆவியாகும்போது கிராமுக்கு 540 கலோரி வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. குளிர்ந்த தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். கறியை வேகவைக்க வேண்டிய கரி, சியாட்டிலின் வானத்தைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். காய்ந்த நாளில் ஒரு கூடை பிரிக்கெட் (அச்சில் அழுத்திய கரிக்கட்டி) 250 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 12 மணி நேரம் நின்று எரியும். தூறலில் எனக்கு எட்டு மணி நேரம் தாண்டியதில்லை. இரண்டாம் வருடம் வெல்டிங் செய்பவர்கள் பயன்படுத்தும் கண்ணாடியிழைப் போர்வை ஒன்றை வாங்கி நடுப்பகுதியைச் சுற்றிக் கட்டினேன். நல்ல பலன். பார்க்கத்தான் காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்திய மாதிரி இருக்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மழைக்குப் பயந்து இதை கராஜுக்குள் தள்ளாதீர்கள். கதவு முழுக்கத் திறந்திருந்தாலும் வேண்டாம். எரியும் கரி கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவை விடும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. முதல் குளிர்காலத்தில் நானும் தள்ளப் பார்த்தேன். வீட்டுக்காரி வாசலை மறித்து நின்றதால் தப்பித்தோம்.

இதெல்லாம்கூடப் பழகிவிடும். பன்றித் தோள்கறியின் உள்சூடு 160 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வந்து மணிக்கணக்காக அசையாமல் நிற்பதும் பழகிவிடும். மேலே மூடியில் மழை ஆவியாகிச் சூட்டை இறக்குகிறது, உள்ளே கறியின் ஈரம் ஆவியாகி அதே வேலையைச் செய்கிறது. அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றிவிட்டால் நகர ஆரம்பிக்கும். சரி.

எனக்குப் பழகாதது ஈரச் சாம்பல்.

மூடியும் நடுப்பகுதியும் சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி இருக்கிறது. மழைத்தண்ணீர் அதில் புகுந்து, உட்சுவர் வழியாக வழிந்து, அடிச்சட்டிக்குப் போகிறது. அடிச்சட்டியில் சாம்பல். அந்தச் சட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளைகூடக் கிடையாது! காற்றுத் துளைகள் பக்கவாட்டில், கொஞ்சம் உயரத்தில் இருக்கின்றன. ஆக, சாம்பலும் தண்ணீரும் குழைந்து இட்லி மாவுப் பதத்துக்கு வந்து, மெல்ல ஏறி, அந்தத் துளைகளையும் அடைக்கும். விடிகாலை மூன்று மணிக்கு நெருப்பு மூச்சுத் திணறிச் சாகும். குடையைப் பிடித்துக்கொண்டு, தலைவிளக்கை மாட்டிக்கொண்டு, குச்சியால் துளையைக் குத்திக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரு முறை அல்ல.

அதோடு விட்டதா? மரச்சாம்பல் சுண்ணாம்பு மாதிரி காரத்தன்மை கொண்டது. காய்ந்திருக்கும்வரை சாது, நனைந்தால் அரிக்கும். அலுமினியத்தைக் கண்டால் இன்னும் ஆவேசம். காற்றுத் துளைகளைத் திறந்து மூடும் தகடுகளை எதில் செய்திருக்கிறார்கள்? அலுமினியத்தில். மூன்றாம் வருடம் தகட்டின் ஓரங்களில் வெள்ளையாகப் பொடி பூத்தது. நாலாம் வருடம் ஒரு தகடு கையோடு வந்துவிட்டது. அதை மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் நண்பனின் போன். பெட்டியோடு வந்த உறையைப் பற்றிக் கேட்காதீர்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் ஒரே வாரத்தில் கம்பித்தட்டில் பூசணம் பூத்துவிடும்.

போன வருடம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். நான் சாம்பல் குழம்பை வெறுங்கையால் வழிப்பதைப் பார்த்துவிட்டு, "சாம்பல் நனைஞ்சா கையைப் பொத்துப்போடும்னு தெரியாதா? என்னத்த படிச்சியோ" என்றார். இதற்கு மேல் ஒரு செய்முறைக் குறிப்பு உலகத்தில் இல்லை. சமைத்து முடித்ததும் துளைகளை மூடி, மறுநாள் காலையிலேயே உலோக வாளியில் சாம்பலைத் தள்ளிவிட வேண்டும். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

அதே அம்மாதான் அன்று ஆட்டுத் தொடையைத் தின்றுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மிளகு, சோம்பு, மல்லி, உப்பு தடவி, ஆப்பிள் மரத்துண்டு இரண்டு போட்டு, ஆறு மணி நேரத் தூறலில் வெந்த தொடை. ஈரக் காற்றில் புகை மேலே போக மனமில்லாமல் வேலியோரம் தவழ்ந்துகொண்டிருந்தது. "எங்க ஆத்தா அடுப்புக்கு மேல உப்புக்கண்டம் கட்டித் தொங்கவிடுவாங்க. அந்த வாசம்டா" என்றார். வேறு எந்த அடுப்பிலும் எனக்கு இந்த ருசி வந்ததில்லை. கேஸ் கிரில்லில் வராது, மின்சார ஸ்மோக்கரில் சுத்தமாக வராது. நாலு வருடத்தில் இந்த இரும்புக் குண்டு கறியைக் கெடுத்து நான் பார்த்ததில்லை; கெட்டதெல்லாம் என் தூக்கம்தான்.

நேற்று நண்பனை நானே கூப்பிட்டு இவ்வளவையும் சொன்னேன். வாங்காதே, பாதி விலைக்கு என்ன, சும்மா கொடுத்தாலும் இந்தப் பக்கத்து மழைக்கு இது ஆகாது என்றேன்.

"அப்ப உன்னோடதை எனக்குக் குடுத்துடு. அதான் உனக்கு ஆகலையே" என்றான்.

"புதுத் தகடு இப்பத்தான்டா மாட்டியிருக்கேன்" என்றேன்.