ஈறு அறுக்க 24,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம்

நேற்றுதான் விஷயமே தெரிந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அம்மாவுக்கு 62 வயது. முன்பற்களுக்கு நடுவே ஈறு பட்டாணி பட்டாணியாகப் புடைத்து, பாதிப் பல்லை மூடிவிட்டது. பிரஷ் பட்டாலே ரத்தம். பைபாஸ் ரோட்டில் பளபளவென்று ஒரு பல் கிளினிக், பேர் வேண்டாம். குட்டி கேமராவை வாய்க்குள் விட்டு டிவியில் காட்டினார் டாக்டர். "எங்கம்மாவா இருந்தா இன்னைக்கே லேசர் பண்ணிடுவேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தோம். ஃபாரத்தில் பிபி இருக்கா என்று ஒரு கட்டம். அம்மா இருக்கு என்றதும் டிக் அடித்தார்கள், அவ்வளவுதான். என்ன மாத்திரை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அட்டை அம்மாவின் பர்ஸிலேயே இருந்தது! 24,000 ரூபாய், அப்போதே ஜிபேயில்.

நாலே மாதம். அதே இடத்தில் அதே பட்டாணி.

போன் செய்தால் "டாக்டர் பேஷன்ட் பார்க்கிறார்". போட்டோ அனுப்பினால் நீல டிக் விழும், பதில் வராது. நேரில் போனால் அம்மாவிடம், "நீங்க ஒழுங்கா பல் தேய்க்கறதில்லை". அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கடைசியில் இன்னொரு சிட்டிங் போடலாம், டிஸ்கவுண்ட் உண்டாம்!

நேற்று அரசு பல் மருத்துவமனைக்குப் போனோம். பயிற்சி டாக்டர், சின்னப் பெண். வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே கேட்டார்: "என்ன மாத்திரை சாப்பிடறீங்கம்மா?" அம்லோடிபின். போன வருஷம்தான் 5 மில்லிகிராமை 10 ஆக்கியிருந்தார்கள். பிபிக்கான இந்த மாத்திரை சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்குமாம். வலிப்புக்கான ஃபெனிடாயின், கிட்னி மாற்றியவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் எல்லாம் இதே வேலையைச் செய்யுமாம். பல்லில் அழுக்கு சேர்ந்தால் இன்னும் மோசம். ஆனால் மாத்திரையைக் கவனிக்காமல் வெறுமனே அறுத்தால் திரும்ப வளரும் என்றார். பிபி டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். வேறு மாத்திரைக்கு மாறி, பல்லைச் சுத்தம் செய்தாலே சிலருக்கு வற்றிவிடுமாம். 24,000 ரூபாய் வாங்கியவர் கேட்காத கேள்வி இது.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. பல் டாக்டரிடம் போனால் மாத்திரை அட்டைகளை மொத்தமாக எடுத்துப் போங்கள். பிபி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆபத்து. எலும்பு மெலிவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) ஊசி போட்டுக்கொள்பவர்கள் பல் பிடுங்கும் முன் அதைச் சொல்லிவிடுங்கள். அப்புறம், பில் கேட்டு வாங்குங்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டு. அதில் 24,000 என்ற எண்ணைத் தவிர ஒன்றுமில்லை.