ஓயே: வழக்கைக் காதால் கேட்கத் தரும் இணையதளம்

அமெரிக்காவில் ஒரு காவலர் உங்கள் அரசியல் சாசன உரிமையை மீறியிருந்தாலும், அத்தகைய செயல் உரிமை மீறலே என்பது முந்தைய தீர்ப்புகளால் தெளிவாக நிலைநாட்டப்பட்டிருக்காவிட்டால், அவரிடம் இழப்பீடு பெற முடியாது. ‘குவாலிஃபைட் இம்யூனிட்டி’ எனப்படும் இந்த விலக்குரிமையைப் பற்றிப் படித்துச் சலித்த பிறகே ஓயே தளத்துக்குச் சென்றேன். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1955 முதல் பதிவுசெய்துவரும் வாய்மொழி வாதங்களை அது கட்டணமின்றித் தருகிறது.

முதலில் கேட்டது 1967இல் வாதிடப்பட்ட பியர்சன் எதிர் ரே வழக்கு. 1961இல் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரப் பேருந்து நிலையத்தில், வெள்ளையருக்கென ஒதுக்கிய காத்திருப்பு அறைக்குள் வெள்ளையரும் கறுப்பருமாகச் சேர்ந்து நுழைந்த பாதிரியார்கள் கைதாகி, பின்னர் 1871ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டப்படி காவலர்கள்மீது வழக்குத் தொடுத்தார்கள். நல்லெண்ணத்தோடு கைது செய்தோம் என்பது காவலருக்குத் தற்காப்பாகலாம் என்று நீதிமன்றம் சொன்னது இதில்தான். ஒலி ஓட ஓட எழுத்துப்படியில் அந்தந்த வரி ஒளிர்கிறது. பேசுபவர் எந்த நீதிபதி என்பதும் தெரிகிறது. தவறவிட்ட வரியைச் சொடுக்கினால் அங்கிருந்தே மீண்டும் கேட்கலாம். வேகமான ஆங்கிலத்தில் தடுமாறும் என் போன்றோருக்கு இந்த ஒரு வசதியே போதும்.

அடுத்து ஹார்லோ எதிர் ஃபிட்ஸ்ஜெரால்டு. அலுவலரின் உள்ளெண்ணத்தை ஆராய்வதை விட்டு, உரிமை ‘தெளிவாக நிலைநாட்டப்பட்டதா’ என்று மட்டும் பார்க்கும் இன்றைய அளவுகோல் 1982இல் இதன் தீர்ப்பில் வந்தது.

ஆனால் இந்தக் கோட்பாட்டைக் காதால் மட்டும் கற்றுவிட முடியாது. இதன் முக்கியமான தீர்ப்புகள் சில, வாய்மொழி வாதமே இல்லாமல் எழுதப்பட்டவை. டூசான் நகரில் சமையலறைக் கத்தியுடன் நின்ற பெண்ணைக் காவலர் நான்கு முறை சுட்ட கிசெலா எதிர் ஹியூஸ் (2018) அப்படிப்பட்டது. காவலருக்கு விலக்குரிமை கிடைத்தது. கழிவு அப்பிய அறையில் டெக்சாஸ் சிறைக் கைதியை ஆறு நாள் வைத்திருந்த டெய்லர் எதிர் ரியோஹாஸ் (2020) வழக்கில் அதிகாரிகளுக்கு அது மறுக்கப்பட்டது. அங்கும் வாதம் கேட்கப்படவில்லை. வாதம் நடக்காததற்குத் தளம் என்ன செய்யும்? கிசெலா வழக்கில் நீதிபதி சோட்டோமயோர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பைத் தனியே எடுத்துப் படித்துக்கொள்ளுங்கள்; மற்றவற்றுக்கு ஓயேயைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.