மூன்று கோடைகள் கண்ட ஸ்மார்ட் கன்ட்ரோலர்: நண்பரின் கேள்விக்கு என் பதில்

பக்கத்து ஊரில் ஒரு குடியிருப்போர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் அண்மையில் சேர்ந்த நண்பர், நீர் வாரியம் தரும் மானியத்தில் வானிலையைப் பார்த்துப் புல்லுக்கு நீர் விடும் நேரத்தைத் தானே கணக்கிடும் ஸ்மார்ட் கன்ட்ரோலரும், நீரை மெல்லிய தாரைகளாகச் சுழற்றித் தெளிக்கும் சுழல் நாசில்களும் போடலாமா என்று கேட்டார். கலிபோர்னியாவில் 64 வீடுகள் கொண்ட எங்கள் வளாகத்தின் பொதுப் புல்வெளியில் இவை மூன்று கோடைகளைக் கண்டுவிட்டன. மானியத்துக்கு விண்ணப்பம் எழுதியவன் நான் என்பதால், திட்டு வாங்கியவனும் நானே.

நல்லதை முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம். கன்ட்ரோலருடன் இணைத்த, குழாயில் ஓடும் நீரை அளக்கும் ஃப்ளோ சென்சார் அருமையான பொருள். சென்ற ஆகஸ்டில் இரவு இரண்டு மணிக்கு நடைபாதை ஓரத்து ஸ்ப்ரிங்க்ளர் ஒன்று உடைந்து தண்ணீர் பீறிட்டபோது, வழக்கத்தை மீறிய ஓட்டத்தைக் கண்டுகொண்டு, மொத்தப் பாசனத்துக்குமான மாஸ்டர் வால்வைத் தானே மூடிவிட்டு, என் கைபேசிக்குச் செய்தியும் அனுப்பிவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் ஓரமாகச் சிறிது சேறு, அவ்வளவுதான். பழைய டைமராக இருந்திருந்தால் அடுத்த பில் வந்த பிறகே நமக்குத் தெரிந்திருக்கும்.

என் கோபமெல்லாம் மானியம் எதற்குக் கொடுக்கப்படுகிறது என்பதில்தான். வேலை தொடங்கும் முன் ஒப்புதல், ரசீது, புகைப்படம் என அனைத்தும் கேட்டார்கள். ஆய்வுக்கு வந்தவர் ஒவ்வொரு நாசிலையும் குனிந்து எண்ணினார். ஆனால் கன்ட்ரோலரின் திரையை அவர் திறக்கவே இல்லை. சாதாரண ஸ்ப்ரே நாசில் மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் நீர் பொழியும். சுழல் நாசில் அரை அங்குலத்துக்கும் குறைவாக, சுமார் 0.4 அங்குலமே தரும். மெதுவாக விழுவதால் மண் உறிஞ்சிக்கொள்கிறது, சாலையில் வழிவதில்லை. ஆனால் அதே அளவு நீர் சேர, ஸ்ப்ரேக்குப் பதினாறு நிமிடம் போதும் என்றால் இதற்கு ஒரு மணி நேரம் வேண்டும். எங்கள் ஒப்பந்ததாரர் நாசிலை மாற்றினாரே தவிர, கன்ட்ரோலரில் 14 மண்டலங்களுக்கும் (தனித்தனியாக நீர் பாயும் பகுதிகள்) நாசில் வகையை 'ஸ்ப்ரே' என்றே விட்டுவிட்டார். வெயிலையும் காற்றையும் துல்லியமாகக் கணக்கிட்ட கன்ட்ரோலர், பொய்த் தகவலை நம்பி, தேவையில் கால் பங்கு நீரைக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஜூலையில் புல் கருகியது. உடனே அவர் கன்ட்ரோலரை மேனுவலுக்கு மாற்றித் தினமும் ஓடவிட்டார். அந்தக் கோடையில் எங்கள் நீர்ச் செலவு பழைய டைமர் காலத்தையும் மிஞ்சியது. கன்ட்ரோலரில் நாசில் வகையை நான் சரிசெய்தேன். ஒவ்வொரு பழுதுக்குப் பின்னும் அவருடைய ஆட்கள் அதைத் திரும்பக் கெடுக்கிறார்கள்.

இதற்கிடையே 2023இல் நிறைவேறிய ஏ.பி. 1572 என்ற கலிபோர்னியச் சட்டப்படி, யாரும் கால் வைக்காத அலங்காரப் புல்லுக்குக் குடிநீர் பாய்ச்சுவது வணிக வளாகங்களில் 2028 முதலும், எங்களைப் போன்ற சங்கங்களின் பொதுப் பகுதிகளில் 2029 முதலும் தடைசெய்யப்படுகிறது. போகப்போகும் புல்லுக்கு மானிய நாசில் எதற்கு?

ஆகவே நண்பருக்கு என் பதில்: நாசிலுக்கு விண்ணப்பிக்க வேண்டாம். உங்கள் வாரியம் புல்லை எடுப்பதற்கு மானியம் தருகிறதென்றால் அதைக் கேளுங்கள். ஃப்ளோ சென்சாரை மட்டும், ஒரு காசு திரும்பி வராவிட்டாலும், சங்கப் பணத்தில் வாங்கிவிடுங்கள்.