999க்கு எஸ்எம்எஸ்: பத்து வருடத்துக்கு மேல் பயன்படுத்திய அனுபவம்

முப்பது வயதில் எனக்குக் காது போனது. பேச வரும், கேட்காது. லண்டன் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும், ஆங்கிலம் வராது. ஆக, பிரிட்டனின் அவசர உதவி எண்ணான 999ஐ அழைக்க வேண்டுமென்றால் எங்கள் இருவரையும் சேர்த்தால்தான் ஒரு ஆள்.

அதனால் 2013இல் எமர்ஜென்சி எஸ்எம்எஸ் சேவையில் பதிந்துகொண்டேன். பிரிட்டனில் 2009இல் சோதனை முயற்சியாக வந்த சேவை இது. ‘ரெஜிஸ்டர்’ என்று ஆங்கிலத்தில் எழுதி 999க்கு அனுப்பினால் விவரங்கள் வரும். படித்துவிட்டு ‘யெஸ்’ என்று பதில் போட்டால் பதிவு முடிந்தது. ஆபத்து வந்த பிறகு பதிந்துகொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

முதல் தேவை 2016இல் வந்தது. நள்ளிரவில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். கை நடுங்க, “ஆம்புலன்ஸ் வேண்டும், அம்மா விழுந்துவிட்டார், ஹாரோ” என்று அனுப்பினேன். நாம் அனுப்புவதை ஒரு உதவியாளர் 999 ஆபரேட்டருக்கு வாசித்துக் காட்டுவார். அவர்கள் கேட்பது நமக்கு எஸ்எம்எஸ்ஸாகத் திரும்பி வரும். முதல் பதிலுக்குச் சாதாரணமாக இரண்டு நிமிடம் ஆகும். மூன்று நிமிடம் ஆகியும் வராவிட்டால் மறுபடி அனுப்ப வேண்டும். பதில் வரும்வரை செய்தி போய்ச் சேர்ந்ததாக எண்ணவே கூடாது.

அந்த இரண்டு நிமிடத்தை நான் மறக்க மாட்டேன். அம்மா தரையில் கிடந்தபடி ஏதோ சொல்கிறார், நான் அவர் உதட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்க்கிறேன். வந்த பதிலோ ஒரு கேள்வி: சரியான முகவரி என்ன? தப்பு என்னுடையதுதான். ஹாரோ என்று பகுதியின் பெயரைத் தவிர வீட்டு எண், தெரு, அஞ்சல் குறியீடு எதையும் எழுதவில்லை. அதை அனுப்பி, அடுத்த கேள்விக்குக் காத்திருந்து... பேசினால் பத்து நொடியில் முடிகிற விஷயம். ஆம்புலன்ஸ் வந்தது, அம்மாவும் தேறிவிட்டார். மறுநாளே போனில் ஒரு குறிப்பு எழுதி வைத்தேன்: எந்தச் சேவை, என்ன நடந்தது, முழு முகவரி. சில வருடம் கழித்துப் பக்கத்து வீட்டில் புகை வந்தபோது அதை நகலெடுத்து இரண்டு சொல் மாற்றி அனுப்பினேன். வந்த முதல் பதிலே தீயணைப்பு வண்டி கிளம்பிவிட்டது என்பதுதான்.

குறை இல்லாமல் இல்லை. குரல் அழைப்பு என்றால் உங்கள் நெட்வொர்க்கில் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நெட்வொர்க் வழியாக 999க்குப் போய்விடும். எஸ்எம்எஸ்ஸுக்கு அந்த வசதி கிடையாது. வேல்ஸ் மலைப் பக்கம் நடக்கப் போனபோது இது உறைத்தது. இப்போது தனியாக மலை ஏறுவதில்லை.

இன்னொன்று, பதிவு என்பது போன் எண்ணோடு ஒட்டியது. மலிவான திட்டத்துக்காக எண்ணையே மாற்றியபோது, கடைப் பையன் “எல்லாம் தானாக வந்துவிடும்” என்றான். நானும் நம்பினேன். ஏழு மாதம் பதிவே இல்லாமல் இருந்திருக்கிறேன்.

‘மொபைலில் 999ஐ அழைத்து, பேசாமலே 55 அழுத்தினால் போதுமே’ என்று சிலர் சொல்வார்கள். அது காது கேட்கிற, ஆனால் பேச முடியாத சூழ்நிலையில் இருப்பவர்களுக்கானது. ஆபரேட்டர் சொல்வதைக் கேட்டுத்தானே 55ஐ அழுத்த வேண்டும்? 2022 ஜூனில் வந்த 999 பிஎஸ்எல் (பிரிட்டிஷ் சைகை மொழி) வீடியோ சேவை சைகை மொழி தெரிந்தவர்களுக்குப் பெரிய வரம். என்னைப்போல் பாதி வயதில் காது போய், சைகை கற்காதவர்களுக்கு எழுத்துதான் கதி. இணையம் இருந்தால், நாம் எழுதுவதை உதவியாளர் வழியாகப் பேச்சாக மாற்றித் தரும் ரிலே யூகே செயலியில் அவசர உதவிக்கான 18000 என்ற எண் இருக்கிறது. அதில் உரையாடல் உடனுக்குடன் ஓடும் என்பதால் வீட்டில் இருக்கும்போது நான் அதைத்தான் முதலில் தொடுவேன். வெளியே போனால் எஸ்எம்எஸ்.

மார்ச்சிலும் அக்டோபரிலும் கடிகாரம் மாற்றும் நாளில் ‘ரெஜிஸ்டர்’ என்று மறுபடி அனுப்பிப் பார்க்கிறேன். ஏற்கெனவே பதிந்த எண் என்று பதில் வரும். அம்மாவிடம் காட்டுவேன், “சரி, இனிப் படு” என்பார்.