மின்புலம் போன பிறகு எந்தப் படிகத்துக்கு நினைவிருக்கும்?

காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், அடிபட்ட எக்கோ சவுண்டர் டிரான்ஸ்டியூசரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கடலுக்குள் ஒலி அனுப்பி, எதிரொலியைப் பிடித்து ஆழம் சொல்லும் கருவியின் பாகம் அது. நான் பௌதிகம் படித்தவன் என்பதால் இதெல்லாம் என் தலையில்தான் விழும். உடைத்துப் பார்த்தோம். உள்ளே பிஇசட்டி, அதாவது ஈய ஜிர்கோனேட் டைட்டனேட் செராமிக் வில்லை. மின்சாரம் கொடுத்தால் அதிரும், அழுத்தினால் மின்சாரம் தரும் பீசோ சரக்கு. அதன் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் ஈயம். "தம்பி, ஈயம் இல்லாம இதைச் செய்ய முடியாதா?" என்றார். முடியும். ஆனால் எதை வைத்துச் செய்வது என்பதில்தான் போட்டி.

உள்ளே மின்முனைவுகள் ஒரே திசையில் அணிவகுக்காமல் நுண்ணிய திட்டுகளாகச் சிதறிக் கிடக்கும் படிகங்களுக்கு ரிலாக்ஸர் என்று பெயர். ஈயமில்லாத ரிலாக்ஸர்களில் இரண்டு ஆட்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, சோடியம் பிஸ்மத் டைட்டனேட்டில் சுமார் 6 சதவீதம் பேரியம் டைட்டனேட் கலந்தது, சுருக்கமாக என்பிடி–பிடி. இன்னொன்று, பேரியம் டைட்டனேட்டில் டைட்டானியத்தின் கால் பங்குக்கு மேல் ஜிர்கோனியத்துக்குக் கொடுத்துவிட்ட பேரியம் ஜிர்கோனேட் டைட்டனேட்.

இரண்டிலும் மின்புலம் இல்லாதபோது நிலைமை ஒன்றுபோலத்தான் தெரியும். எக்ஸ்ரே சிதறலின் கூர்மையான புள்ளிகளைப் பார்த்தால் கிட்டத்தட்ட கனசதுர அமைப்பு. ஆனால் அது சராசரி. ஏலக்கூடத்தில் வஞ்சிரத்துக்குச் சராசரி விலை சொன்னால், எந்தக் கூடை என்ன விலைக்குப் போனது என்று தெரியுமா? புள்ளிகளுக்கு நடுவே படர்ந்திருக்கும் மங்கலான சிதறலையும் சேர்த்து, அணு ஜோடிகளின் தூரங்களைக் கணக்கிட்டால்தான் உள்ளூர்க் கோணல்கள் வெளியே வரும். அணுக்கள் இடம் நகர்ந்து, சில நானோமீட்டர் அளவில் திட்டுத் திட்டாக ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டிருக்கும். காற்று செத்த நேரத்தில் நங்கூரம் போட்ட ஃபைபர் படகுகளின் அணியம் (முன்முனை) ஆளுக்கொரு பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதைப் போல.

இனி காற்றடிக்கட்டும்.

என்பிடியில் நகர்ந்து நிற்கும் முக்கிய ஆள் பிஸ்மத். ஈய அயனியைப் போலவே பிஸ்மத் அயனிக்கும் 80 எலெக்ட்ரான்கள். வெளிப்புறத்தில் அதே தனி இணை, பிணைப்பில் சேராத எலெக்ட்ரான் ஜோடி. அதனால்தான் அது ஆக்சிஜன் கூண்டின் நடுவில் உட்காராமல் ஓரமாகச் சாய்கிறது. பக்கத்து இடத்தில் சோடியம், ஒற்றை மின்னூட்டத்தோடு. பிஸ்மத்துக்கு மூன்று. இரண்டும் வரிசையில்லாமல் கலந்து கிடப்பதால் உள்ளுக்குள் தாறுமாறான மின்புலங்கள் எழுந்து, திட்டுகளைத் தம்பாட்டுக்கு இழுத்துப் பிடித்திருக்கும். வெளியிலிருந்து மில்லிமீட்டருக்கு 2, 3 கிலோவோல்ட் கொடுத்தால் இந்தப் பிடி தளர்கிறது. பிஸ்மத்தின் சாய்வு மின்புலத்தின் பக்கம் திரும்புகிறது, ஆக்சிஜன் கூண்டுகளின் தாறுமாறான சரிவு ஒழுங்குபடுகிறது, மங்கல் சிதறல் குறைகிறது, திட்டுகள் பெரிய டொமைன்களாக, அதாவது ஒரே திசை பார்க்கும் பெரும் பகுதிகளாகச் சேர்கின்றன. கனசதுரம்போல் ஒற்றையாக இருந்த எக்ஸ்ரே உச்சி இரண்டாகப் பிளப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முக்கியமான விஷயம், மின்புலத்தை நிறுத்தினாலும் அந்த ஒழுங்கு அப்படியே நிற்கும். காற்று நின்ற பிறகும் எல்லாப் படகும் வடக்கே பார்த்து நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பேரியம் ஜிர்கோனேட் டைட்டனேட்டில் கதை வேறு. டைட்டானியத்துக்கும் ஜிர்கோனியத்துக்கும் மின்னூட்டம் ஒன்றே, நான்கு. ஜிர்கோனியம் உருவத்தில் பெரியது. கூண்டை அடைத்துக்கொண்டு நடுவில் நிற்கும். சாய்வதெல்லாம் டைட்டானியம்தான். நடுநடுவே நகராத ஜிர்கோனியம் இருப்பதால் டைட்டானியத்தின் சாய்வுகள் நெடுந்தூரம் கைகோர்க்க முடியாது. மின்புலம் வந்தால் திட்டுகள் திரும்பும். போனால் பழைய இடத்துக்கு வந்துவிடும். இந்தத் திட்டுகள் திரும்ப முடியாமல் உறையும் வெப்பநிலையோ அறை வெப்பநிலைக்கு வெகு கீழே. நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம்.

ஆகவே அண்ணனின் டிரான்ஸ்டியூசருக்கு என் ஓட்டு என்பிடி–பிடிக்கே. பீசோ வில்லை என்றால் ஒருமுறை முனைவாக்கியது, அதாவது மின்புலம் வைத்து ஒரே திசைக்குத் திருப்பியது, மறக்காமல் இருந்தாக வேண்டும். வலிமையில் அது பின்தங்கியதுதான். 1991இல் ஜப்பானிய ஆய்வாளர் தகேனகாவின் குழு இதற்கு அறிவித்த பீசோ எண், அதாவது அழுத்தும் விசைக்குக் கிடைக்கும் மின்னூட்டம், நியூட்டனுக்கு 125 பிக்கோகூலோம். மென்வகை பிஇசட்டியில் இது 600ஐ நெருங்கும். மறந்துவிடும் ஆள் உபயோகமற்றவன் என்று மட்டும் நினைக்க வேண்டாம்: ஆற்றலை ஏற்றி இறக்கும் கெபாசிட்டருக்கு, வீணாகும் வெப்பம் குறைவு என்பதால், அந்த மறதிதான் தேவை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வேடிக்கையும் உண்டு. என்பிடி–பிடியைச் சுமார் 100 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அதுவும் மறதிக்காரனாகிவிடும். கொஞ்சம் பொட்டாசியம் சோடியம் நியோபேட் கலந்து அந்த மறதியை அறை வெப்பநிலைக்கே இறக்கி, 2007இல் 0.45 சதவீத நீட்சி எடுத்துக் காட்டினார்கள். மின்புலம் வைக்கும்போதெல்லாம் புதிதாக ஒழுங்குபட்டு, எடுத்தால் கலைவதுதான் அந்தப் பெரிய நீட்சிக்குக் காரணம். நுண்ணிய அசைவு தரும் கருவிகளுக்கு இது நல்ல சரக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிஸ்மத்தில் கணிசமான பங்கு ஈய உருக்காலையின் உபவிளைபொருளாகத்தான் கிடைக்கிறது. ஈயத்தை முழுக்கத் தலைமுழுகிவிட்டோம் என்று நெஞ்சை நிமிர்த்த முடியாது.

அண்ணனுக்கு இவ்வளவும் சொல்லி முடித்ததும், "கடல்தண்ணிக்குள்ளதானே இருக்கப்போகுது, நூறு டிகிரி எங்கே வரும்?" என்று கேட்டார். நியாயம்தான். ஆனால் ஒயர் அறுந்தால் அவர் சால்டரிங் அயர்னைத்தானே எடுப்பார். அதன் முனை 300 டிகிரியைத் தாண்டும். பிஇசட்டியே அந்தச் சூட்டுக்குப் பயப்படும், என்பிடி–பிடி எம்மாத்திரம்?